நம்ம ஊர் அளவு

ஒரு பெண்ணின் கிட்னி சுருங்கிப் போயிருக்கிறது என்று நான் சொன்னேன். சுருங்கவில்லை, அளவே அவ்வளவுதான், அந்த அம்மாவுக்கு மட்டுமில்லை, இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே அவ்வளவுதான் என்று டாக்டர் வெங்கடரமணன் சொன்னார். சண்டை இதுதான். கேட்பதற்கு இரண்டு டாக்டர்கள் வேலை வெட்டி இல்லாமல் வாதாடுவதுபோல இருக்கும். ஆனால் அவர் சொல்வது சரியென்று எழுதிவிட்டால், அந்த அம்மாவின் கிட்னிகளில் ஒன்றை அடுத்த மாதம் எடுத்து அவருடைய கணவருக்கு வைத்துவிடுவார்கள். நான் சொல்வது சரியென்றால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் அதிக காலம் தாங்க மாட்டார்.

இது நடந்தது 2003-இல். மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் டாக்டராக இருந்தேன். வெங்கடரமணன் சார் அந்தப் பிரிவுக்குத் தலைவர். எங்கள் சௌராஷ்டிர ஜனம், என் அப்பாவுக்கு நெருங்கிய நண்பர், எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்ததே அவர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எல்லாமே சுலபமாக இருந்திருக்கும்.

அவருக்கு ஓர் ஆதங்கம் இருந்தது. நாங்கள் படித்த புத்தகங்களில் இருக்கும் உறுப்பு அளவுகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களை அளந்து எழுதியவை. கிட்னி என்றால் பத்து, பதினோரு சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்று அவை சொல்லும். "ஆறடி ஆள அளந்து எழுதுன கணக்க வச்சுக்கிட்டு அஞ்சடி ஆளுக்கு வியாதின்னு எழுதலாமா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. ஆள் குட்டையாக இருந்தால் கிட்னியும் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும். நம்ம ஜனங்களை நாமே அளப்போம் என்று கிளம்பினார். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாத நானூறு பேரை ஸ்கேன் செய்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். எட்டு சென்டிமீட்டர் இருந்தாலே நம்ம ஊருக்கு அது சரியான அளவுதான் என்பது கட்டுரையின் முடிவு.

மாநாட்டில் அதைப் படித்தபோது பலமாகக் கைதட்டினார்களாம். அதன்பின் எங்கள் மருத்துவமனையில் எல்லா ரிப்போர்ட்டும் அந்த அளவை வைத்துத்தான் எழுதப்பட்டது. பரவையிலிருந்தும் மேலூரிலிருந்தும் ஸ்கேன் சென்டர்காரர்கள் வந்து அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் கைதட்டலுக்கு அப்புறம். அளவு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. நம்ம ஆள் நம்ம ஜனத்தை அளந்து எழுதியது என்றால் எல்லோருக்கும் ஒரு பெருமை, பெருமை வந்துவிட்டால் கேள்வி வராது.

அந்த அம்மாவின் பெயர் சுல்தான் பீவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். செல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் நூல் அலசும் வேலை. கணவர் அப்துல் வஹீது பவர்லூம் மெக்கானிக். இரண்டு கிட்னியும் செயலிழந்து மூன்று வருடமாக எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். ஒரே மகள் சனோபர் திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். வஹீதின் அண்ணன் தம்பிகள், ஒருத்தர் சர்க்கரை என்றும் இன்னொருத்தர் இரத்த வகை சேரவில்லை என்றும் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். மனைவிக்கு இரத்த வகை சேர்ந்தது. நம் நாட்டில் கிட்னி கொடுக்கிறவர்கள் யாரென்று பார்த்தால் அம்மா, மனைவி, அக்கா என்றுதான் வரிசை போகும். வாங்குகிறவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார். இதை அளந்து மாநாட்டில் படிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஸ்கேன் மேஜையில் படுத்ததும் நான் சொல்வதற்கு முன்பே சுல்தான் பீவி ஒருக்களித்துத் திரும்பினார். கருவியை விலாவில் வைத்ததும் தானாகவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். திரையைப் பார்த்தேன். கிட்னி எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூடுதல். அளவு கிடக்கட்டும். நல்ல கிட்னி பக்கத்திலிருக்கும் கல்லீரலைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். இது சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. வெளிப்புறச் சதை மெலிந்து, ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே.

"முன்னாடி ஸ்கேன் எடுத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்திருக்கேன் டாக்டரம்மா. இவரு வார்டுல சேந்த புதுசுல. பெரிய டாக்டருதான் எடுத்தாரு."

"எதுக்கு? உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"எனக்கு என்ன பண்ணப் போகுது? நான் இவரு கூட வந்தவதானே. வராண்டாவுல உக்காந்திருந்தோம். உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்க எல்லாம் வாங்க, அளவு எடுக்கணும், காசு கிடையாதுன்னாங்க. டீயும் பன்னும் குடுத்தாங்க. அங்கன இருந்த சனம் பூராம் போனோம்."

"எந்த வராண்டா?"

"கிட்னி வார்டு வராண்டாதான்."

கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைச் சுவரில் எறிந்திருப்பேன், விலை நினைவுக்கு வந்தது.

மதுரையில் உடம்பு நன்றாக இருக்கிற எவனாவது ஆஸ்பத்திரிக்கு வந்து என்னை அளந்து பாருங்கள் என்று படுப்பானா? மாட்டான். அதனால் ஆராய்ச்சிக்கு ஆள் தேடியவர்கள் கைக்கெட்டிய இடத்தில் தேடியிருக்கிறார்கள். இந்த ஊரில் ஒருத்தர் கட்டிலில் படுத்தால் தூக்குவாளியும் பாயுமாகப் பத்துப் பேர் வராண்டாவில் உட்காருவார்கள். அவர்களைக் கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வேறென்ன சொல்வார்கள்? உள்ளே ஒரு உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு இடுப்பு வலி, எனக்கு நீர் சரியாகப் போகவில்லை என்று வாய் திறப்பது நம்மிடையே அசிங்கம். கூட வந்தவருக்கு நோய் கிடையாது. அது இந்த ஊர் மரியாதை. அந்த மரியாதையை மருத்துவப் பரிசோதனை என்று எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டு இரத்தம்கூடப் பார்க்காமல், எல்லோரையும் ஆரோக்கியமானவர்கள் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் யார்? கிட்னி போனவர்களின் மனைவி, அண்ணன், அம்மா. அதே வீடு, அதே தெரு, அதே தண்ணீர், அதே பட்டறை. நோய் பிடித்த வீட்டுக்காரர்களாகப் பார்த்து அளந்துவிட்டு, இதுதான் ஊர் அளவு என்று ஊருக்கே அறிவித்தாகிவிட்டது. இப்போது சுல்தான் பீவியின் கிட்னி சரியான அளவுதானா என்று எதை வைத்துப் பார்க்கிறார்கள்? சுல்தான் பீவியையும் சேர்த்து அளந்த அளவை வைத்து.

"கை கால் வலி ஏதும் உண்டா?" என்று கேட்டேன்.

கணவர் வெளியே உட்கார்ந்திருந்தும் குரலைத் தாழ்த்தினார். "அது இல்லாம இருக்குமா? நாள் பூராம் ஈரத்துல நிக்கிறது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி டீயோட போட்டுக்குவேன். சனோபர் பள்ளிக்கூடம் போன காலத்துலேருந்து போடுறேன்."

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப இதச் சொல்லலையா?"

"இவரு உசுருக்குப் போராடிக்கிட்டுக் கிடக்காரு, நான் போயி எனக்கு முழங்கால் வலிக்குதும்பேனா? நல்லாவா இருக்கும்?"

வெங்கடரமணன் சாரின் அறைக்கு நேராகப் போனேன். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். பிறகு, "நானூறு பேர்ல ஒருத்தங்க இருந்தா சராசரி மாறிடாது மீனலோசனி" என்றார்.

"ஒருத்தங்க இல்ல சார். வராண்டா பூராம்."

"எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்னவங்கதான்."

"சொன்னாங்க. நீங்க பாத்தீங்களா?"

அவருக்கு முகம் சுருங்கியது. சுல்தான் பீவியின் இரத்தப் பரிசோதனையை எடுத்து என் முன்னால் போட்டார். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, கிட்னி பழுதாகியிருந்தால் அது ஏறியிருக்குமே என்றார். பார்த்தால் பெரிய ஆதாரம். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. கிட்னி அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் கூடும். ஆனால் அது வருவதற்குத் தசை வேண்டுமே. சுல்தான் பீவியின் எடை முப்பத்தெட்டு கிலோ. கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்படும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். தசை வற்றிப் போன உடம்பில் கிட்னி பாதிக்கு மேல் செத்தாலும் இரத்தம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஒரு சுருக்கத்தை இன்னொரு சுருக்கம் மறைத்துக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னதும் சார் எங்கள் வீட்டு மொழிக்கு மாறினார். என்னை அடக்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார். தமிழில் அவர் தலைவர், சௌராஷ்டிரத்தில் என் அப்பாவின் நண்பர். குடும்பத்தில் பேசுவதுபோலக் கனிவாக, சின்னப் பெண் நீ, அவசரப்படாதே, திங்கட்கிழமை உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழு கூடுகிறது, அந்த மனிதர் எத்தனை நாள் மெஷினில் கிடப்பார், ஒரு குடும்பம் பிழைக்கட்டும் என்றார். நான் வேண்டுமென்றே தமிழிலேயே பதில் சொன்னேன்.

"பிள்ளை பெத்தா கர்ப்பப்பை சுருங்கும், அது நல்லது. கட்டுப் போட்ட கால்ல சதை சுருங்கும், கட்டப் பிரிச்சு நடந்தா திரும்ப வரும். கிட்னி சுருங்குனா திரும்ப வராது சார். உள்ள செத்துத் தழும்பாயிருச்சுன்னு அர்த்தம். இது உங்களுக்குத் தெரியாதா?"

"சுருங்கினாத்தானே? அது அளவே அவ்வளவுதான்கிறேன்."

எல்லாவற்றுக்கும் மேலாக என்னைக் கொதிக்க வைத்தது இந்த வார்த்தைதான். சுருங்கியிருக்கிறது என்று எழுதினால் ஏன் சுருங்கியது என்று யாராவது கேட்டாக வேண்டும். தண்ணீரைச் சோதிக்க வேண்டும், வருடக்கணக்கில் போட்டால் கிட்னியையே அரிக்கும் வலி மாத்திரையை விசாரிக்க வேண்டும், பட்டறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அளவே அவ்வளவுதான் என்று எழுதிவிட்டால் யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. செல்லூரில் ஒரு தெரு முழுக்கக் கிட்னி வற்றினாலும் அது அந்தத் தெருவின் பிறவிக் குணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான், இதில் மறைத்தவருக்கே தான் மறைத்தது தெரியாது.

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தால் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும், அதைச் செய்யலாம் என்றேன். "அதெல்லாம் அந்த ஜனங்க ஒழுங்கா சேத்துக் கொடுக்க மாட்டாங்க, அதனாலதான் நான் கேக்கறதே இல்ல" என்றார். திங்கட்கிழமைக்குள் முடித்துக்கொள் என்று மட்டும் விட்டுக்கொடுத்தார்.

சுல்தான் பீவியிடம் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து விளக்கினேன். அவர் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டு எங்க டாக்டரம்மா வரப் போகுது? பட்டறையில ஏது கக்கூஸு? காலையில வீட்டுல போனா, வேலை முடிஞ்சு வந்துதான். தண்ணி குடிச்சா முட்டும்ல, அதனால குடிக்கிறதே இல்ல."

நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று வேலை செய்கிற ஒருத்தர் தண்ணீர் குடிப்பதில்லை. எத்தனை வருடமாக? எத்தனை பெண்கள்? இதையும் யாரும் அளக்கவில்லை. எனக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை, பட்டறை முதலாளியையா, எங்களையா. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்.

திங்கள் காலையில் கேனை ஒயர்கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்ததுபோலக் கொண்டுவந்து நீட்டினார். சொன்னபடி ஒரு சொட்டு விடாமல் சேர்த்திருந்தார். மத்தியானம் முடிவு வந்தது. ஒரு நல்ல உடம்பில் கிட்னிகள் செய்ய வேண்டிய வேலையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவருடைய இரண்டும் சேர்ந்து செய்துகொண்டிருந்தன.

குழு கூடுவதற்கு முன் சாரின் அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். வஹீது அன்றுதான் டயாலிசிஸ் முடித்து வந்திருந்தார், கையில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. வற்றிய முகம், ஆனால் கண் கூர்மையானது. இயந்திரத்தில் கோளாறு எங்கே என்று தேடிப் பழகிய கண். முடிவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, ஒரு பரிசோதனையை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை என்று சார் ஆரம்பித்தார். நான் குறுக்கிட்டு உள்ளதைச் சொன்னேன். ஒரு கிட்னியை எடுத்தால் கொஞ்ச வருடத்தில் வஹீது படுத்த கட்டிலில் சுல்தான் பீவி படுக்க வேண்டியிருக்கும் என்றேன்.

நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சுல்தான் பீவி என் மேல் பாய்ந்தார்.

"நீங்க ஏன் டாக்டரம்மா குறுக்க விழுகுறீங்க? நான் கேட்டேனா? பெரிய டாக்டரே நல்லா இருக்குங்கிறாரு. குடுக்கிறது நானு. எடுத்து இவருக்கு வைங்க. நான் பாத்துக்கிறேன்."

"பாத்தியா, அவங்களே சொல்றாங்க" என்றார் சார் என்னிடம், எங்கள் வீட்டு மொழியில். கையெழுத்துப் போட ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்தும்விட்டார்.

வஹீதுதான் வாய் திறந்தார். "சார், ஒண்ணு கேக்கலாமா? இவளுக்கு எட்டு இருக்கு, அது சரியான அளவுங்கிறீங்க."

"ஆமா. நம்ம ஊருக்கு அது சரி."

"உங்களது எம்புட்டு சார்?"

"என்னது?"

"உங்க கிட்னி. எம்புட்டு நீளம்?"

சார் சிரிக்கப் பார்த்தார். "அது எதுக்குப்பா இப்ப?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். மிசினு கையில இருக்கு, பாக்காமயா இருந்திருப்பீங்க?"

பார்த்திருந்தோம். புது ஸ்கேன் மெஷின் வந்தால், நோயாளியைப் படுக்க வைக்குமுன் நாங்களே ஒருத்தரை ஒருத்தர் அளந்து சோதிப்பது வழக்கம். அந்தத் தை மாதம் புது மெஷின் வந்தபோது சாரைப் படுக்க வைத்து அளந்தது நான். அவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண் சொன்னது.

"பதினொண்ணு" என்றேன்.

வஹீது தலையசைத்தார். "சாருக்கு எந்த ஊரு?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இதே மதுரையில் மஹாலுக்குப் பக்கத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலை பார்த்தவர். உயரத்திலும் சுல்தான் பீவியைவிட நாலு விரல் கூட இருந்தால் அதிகம்.

"எங்களுக்கும் மதுரைதான் சார்" என்றார் வஹீது. குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஊரு, ஒரே உசரம். உங்களுக்குப் பதினொண்ணு வேணும், எங்க வீட்டுக்கு எட்டு போதுமா? அத யாரு முடிவு பண்ணா? எனக்கு இவ கிட்னி வேணாம். நான் மிசின்லயே கிடந்துக்கிறேன்."

சார் பேனாவை எடுத்து, சுல்தான் பீவியின் ரிப்போர்ட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார். தானம் செய்யத் தகுதியற்றவர் என்று இருந்தது.

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் பிறகு தகுதி இல்லாதது யாருக்கு? அந்த வரியை அடித்தேன். சிறுநீரக நோய் உள்ளவர், உடனே சிகிச்சை தேவை என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

"அப்ப இவருக்கு?" என்று கேட்டார் சுல்தான் பீவி.

"நீ மொதல்ல போயி சீட்டுப் போடு" என்றார் வஹீது.

நானும் கூடவே போனேன். பதிவு கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமல் பெயர் கேட்டாள். மூன்று வருடப் பழக்கத்தில், "அப்துல் வஹீது" என்றார் சுல்தான் பீவி.

"அவரு பேரா? இன்னைக்குக் காட்ட வந்திருக்கிறது யாரும்மா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு பின்னாலேயே வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷியைச் சொல்வதுபோலத் தன் பெயரைச் சொன்னார்.